வாய் உலர்கிறது என்று மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 62 வயது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின், டாபாக்லிஃப்ளோசின்; ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறேன். ஓராண்டாகச் சிறுநீரை அடக்க முடிவதில்லை. கழிப்பறைக்குப் போவதற்குள் சேலை நனைந்துவிடுகிறது. இரவில் நான்கு முறை எழுந்திருக்கிறேன். மருத்துவர் சோலிஃபெனசின் 5 மி.கி. எழுதிக்கொடுத்தார். பத்து நாளில் வாய் உலர்ந்து, மலச்சிக்கலும் வந்ததே தவிர பலனில்லை. நிறுத்திவிட்டேன். வேறு மருந்து உண்டா?

பதில்: உண்டு. ஆனால் பத்து நாளை வைத்து இந்த மருந்தை எடைபோட முடியாது. நான்கு வாரமாவது சாப்பிட்டால்தான் அதன் பலன் சரியாகத் தெரியும்.

சிறுநீர்ப்பை நிறைவதற்கு முன்பே அதன் தசை சுருங்கிவிடுவதுதான் உங்கள் தொல்லை. அப்படிச் சுருங்க வைக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை சோலிஃபெனசின் தடுக்கிறது. உமிழ்நீர் சுரப்பதற்கும் குடல் அசைவதற்கும் அதே வேதிப்பொருள் தேவை என்பதால் வாயும் வயிறும் சேர்ந்து சங்கடப்படுகின்றன.

வாய் உலர்ந்ததும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தீர்களா? பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். குடித்த நீர் சிறுநீராகிறது, ஓட்டம் தொடர்கிறது, பழி மாத்திரையின் மேல் விழுகிறது! வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். சர்க்கரை சேர்க்காத சூயிங்கம் மெல்லலாம். மலச்சிக்கலையும் விட்டுவைக்காதீர்கள். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தி அவசரத்தைக் கூட்டும்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது டாபாக்லிஃப்ளோசின். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்து இது. சர்க்கரையோடு தண்ணீரும் போகும். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் தொல்லை தொடங்கியது அந்த மாத்திரைக்கு முன்பா பின்பா என்று யோசித்து, அதை எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள். சிறுநீரில் தொற்று இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். நீண்டகாலச் சர்க்கரை நோயில் சிறுநீர்ப்பையின் நரம்புகள் தளர்ந்து, பை முழுதும் காலியாகாமல் போவதுண்டு. அந்த நிலையில் சோலிஃபெனசின் கொடுத்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். ஆகவே சிறுநீர் கழித்த பிறகு எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் அளந்துகொள்வது அவசியம்.

இவை சரியாக இருந்தும் வாய் உலர்வு தாங்கவில்லை என்றால் மிராபெக்ரான் இருக்கிறது. இது வேறு வழியில் தசையைத் தளர்த்துகிறது. வாய் உலர்வும் மலச்சிக்கலும் குறைவு. ஆனால் ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றக்கூடும்; 180/110-ஐத் தொடுமளவு கட்டுக்கடங்காத அழுத்தம் இருப்பவர்களுக்குக் கொடுப்பதில்லை. மெட்டோப்ரோலாலின் அளவையும் உடலில் கூட்டிவிடும், நாடி மந்தமாகலாம். சேர்த்துத் தரவே கூடாது என்பதில்லை, கண்காணிப்பு வேண்டும். விலையும் சற்று அதிகம்.

எந்த மாத்திரையானாலும் மூன்று நாளுக்குக் குடித்த அளவு, போன நேரம், கசிந்த நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். வீட்டில் வாங்கி வைத்திருக்கும் சளி மாத்திரைகளையும் காட்டுங்கள். அவற்றில் பலவற்றில் உள்ள குளோர்ஃபெனிரமின் சோலிஃபெனசினோடு சேர்ந்தால் வாய் இன்னும் உலரும். முதியவர்களுக்கு மனக்குழப்பமும் வரலாம். குறுகிய கோணக் கண் அழுத்த நோய் இருப்பதாகக் கண் மருத்துவர் எப்போதாவது சொல்லியிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம்.

வாழ்நாள் முழுதும் சாப்பிட வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்தும் இடுப்புத்தளப் பயிற்சியும், கழிப்பறைக்குப் போகும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டும் பழக்கமும் கைவந்தால் சில மாதங்களில் மருத்துவரே நிறுத்திப் பார்ப்பார். மருந்தை மீண்டும் தொடங்கிய பின் சிறுநீரே வராமல் அடிவயிறு உப்பினாலோ, கண் வலித்துப் பார்வை மங்கினாலோ, அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.