பெரிய குடுவையில் முடியாத ஒளி ஆக்ஸிஜனேற்றம்: மென்படலக் கருவிக்கு மாற்றலாமா?

கேள்வி: ரோஸ் பெங்கால் சாயத்தை ஒளியூக்கியாகச் சேர்த்து, மெத்தனாலில் 0.1 மோலார் செறிவில் கரைத்த ஒரு டையீன் (இரண்டு இரட்டைப் பிணைப்புகள் கொண்ட) சேர்மத்தைப் பச்சை எல்இடி ஒளியில் ஆக்ஸிஜனுடன் வினைபுரியச் செய்கிறோம். 50 மில்லிலிட்டர் அளவில் 2 மணி நேரத்தில் முடியும் வினை, 500 மில்லிலிட்டருக்குப் போனால் நாள் முழுதும் ஓடியும் முடிவதில்லை. சாய்ந்து சுழலும் கண்ணாடிக் குழாயில் திரவத்தை மெல்லிய படலமாக ஓடவிடும் தொடர்பாய்வுக் கருவி உதவுமா? எந்த வேகத்தில் தொடங்கலாம்?

பதில்: உதவுவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் சுழல் வேகத்தைத் தீர்மானிப்பதற்கு முன், உங்கள் வினையைத் தாமதப்படுத்துவது எது என்பதை இப்போதுள்ள குடுவையிலேயே கண்டறிந்துவிடுங்கள். காந்தக் கலக்கியின் வேகத்தைக் கூட்டும்போது வினையும் விரைந்தால், வாயு திரவத்துக்குள் போய்ச் சேர்வதில்தான் தடை இருக்கிறது. விளக்கின் செறிவைக் கூட்டும்போது விரைந்தால், ஒளி போதவில்லை என்று பொருள். இரண்டுக்கும் அசையாத வினையை எந்தப் படலமும் வேகப்படுத்தாது. மென்படலம் நீக்குவது பொருளும் ஒளியும் வந்துசேர்வதில் உள்ள தடையை மட்டுமே, வினையின் இயல்பான வேகத்தை அது மாற்றுவதில்லை.

உங்கள் வினையில் இரண்டு தடைகளுமே இருக்கும் என்று கருதுகிறேன். தூய ஆக்ஸிஜன் செலுத்தினாலும் மெத்தனாலில் ஏறத்தாழ 10 மில்லிமோலார் அளவுக்குத்தான் அது கரையும்; உங்கள் சேர்மமோ 100 மில்லிமோலார் இருக்கிறது. ஆகவே, கரைந்த ஆக்ஸிஜன் தீர்ந்து தீர்ந்து குறைந்தது பத்து முறையாவது நிரம்பியாக வேண்டும். கலக்காத திரவத்தில் ஒரு சிறு மூலக்கூறு 100 மைக்ரோமீட்டர் விரவிச் செல்ல சுமார் 5 விநாடி ஆகும். 1 மில்லிமீட்டருக்கு 8 நிமிடம், 1 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 14 மணி நேரம். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகிறது என்பதே மென்படலத்தின் முழு நியாயமும்.

ஒளியின் கதையும் இதுதான். ரோஸ் பெங்காலின் மோலார் உட்கவர் திறன் (ஒளியை எவ்வளவு வலுவாக உட்கவர்கிறது என்பதன் அளவு) அதன் உச்ச அலைநீளத்தில் சுமார் ஒரு லட்சம். 0.1 மில்லிமோலார் கரைசலில் முதல் 1 மில்லிமீட்டருக்குள்ளேயே அந்த ஒளியில் பத்தில் ஒன்பது பங்கு உட்கவரப்பட்டுவிடுகிறது. குடுவையின் நடுப்பகுதி இருட்டில்தான் சுழல்கிறது. இதே கரைசலை 200 மைக்ரோமீட்டர் படலமாக்கினால் நிலைமை தலைகீழாகிறது: 37 சதவீத ஒளி மட்டுமே உட்கவரப்பட்டு, மீதி வீணாக வெளியேறுகிறது. எனவே படலத்துக்கு மாறும்போது சாயத்தின் செறிவை 0.5 மில்லிமோலார் வரை உயர்த்த வேண்டும். குடுவையின் செய்முறையை அப்படியே எடுத்துச் செல்வதுதான் புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் செய்யும் பிழை.

இனி, இக்கருவிகளைப் பற்றி எல்லோரையும் மயக்கும் 'சில நிமிடங்களில் முடிகிறது' என்ற பேச்சுக்கு வருவோம். குழாய்க்குள் ஒரு நேரத்தில் 2 மில்லிலிட்டர் திரவம் தங்குகிறது, பாய்வு வீதம் நிமிடத்துக்கு 0.5 மில்லிலிட்டர் என்று கொண்டால், சராசரித் தங்கும் நேரம் 4 நிமிடம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மணிக்கு வெளிவருவது 3 மில்லிமோல். உங்கள் சிறிய குடுவையே மணிக்கு 2.5 மில்லிமோல் தருகிறது! 500 மில்லிலிட்டரும் இந்த வீதத்தில் கடந்துபோக 17 மணி நேரம் பிடிக்கும். ஒளியும் சாயச் செறிவும் ஒத்துழைத்து, பாய்வை நிமிடத்துக்கு 2 மில்லிலிட்டருக்கு உயர்த்தியும் வினை முழுமையடைந்தால் மட்டுமே மணிக்கு 12 மில்லிமோல் கிடைக்கும். அப்போதுதான் கருவிக்கான செலவு நியாயமாகும். நிமிடங்களை விட்டுவிட்டு மணிக்கு எத்தனை மில்லிமோல் என்று கணக்கிடுங்கள்.

தொடக்க அமைப்பாக 20 மில்லிமீட்டர் வெளிவிட்டக் குழாய், 45 பாகைச் சாய்வு, நிமிடத்துக்கு 5,000 சுற்றுகள் போதும். 9,000 வரை செல்லும் கருவிகளிலும் உச்ச வேகம் எப்போதும் உச்ச விளைச்சலைத் தருவதில்லை. (ஆஸ்திரேலிய வேதியியலாளர் காலின் ராஸ்டனின் குழு, தான் உருவாக்கிய இவ்வகைக் கருவியால் வெந்த முட்டை வெள்ளைக்கருவின் புரதத்தை யூரியாவில் கரைத்தபின் மீண்டும் மடியச் செய்த பணிக்காக, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசை 2015இல் பெற்றது. அங்கே வேலை செய்தது படலத்தின் சறுக்கு விசை. உங்களுக்குத் தேவைப்படுவதோ படலத்தின் மெலிவு.) சேர்மத்தைச் சேர்ப்பதற்கு முன், வெறும் மெத்தனால் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு சொட்டுச் சாயத்தைச் செலுத்தி, வெளிவரும் திரவத்தை அரை நிமிடத்துக்கு ஒருமுறை சிறு குப்பிகளில் பிடியுங்கள். இளஞ்சிவப்பு நிறம் எந்தக் குப்பியில் தோன்றி எதில் மறைகிறது என்பதிலிருந்து உண்மையான தங்கும் நேரமும் அதன் பரவலும் தெரிந்துவிடும். தங்கும் நேரத்தைப் போல மூன்று மடங்கு காலம் ஓடியபின் எடுக்கும் மாதிரிகளையே பகுப்பாய்வுக்கு நம்புங்கள்.

பாதுகாப்பில் தளர்வு கூடாது. மெத்தனால் ஆவியும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் எளிதில் தீப்பற்றும். நைட்ரஜனால் ஆக்ஸிஜனை நீர்க்கச் செய்யுங்கள், ஆய்வகத்தின் வாயு உறிஞ்சு பெட்டிக்குள் (fume hood) வையுங்கள், கருவியைப் புவித்தொடர்பு செய்யுங்கள், சுழலும் கண்ணாடிக்கு முன்னால் தடுப்பு இல்லாமல் இயக்காதீர்கள். டையீனிலிருந்து உருவாகும் எண்டோபெராக்சைடு (வளையத்துக்குள் ஆக்ஸிஜன்-ஆக்ஸிஜன் பிணைப்புள்ள சேர்மம்), செறிவடைந்தால் வெடிக்கக்கூடியது. அதை ஒடுக்கிக் கிடைக்கும் டையால் (diol, இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்ட சேர்மம்) தான் இறுதி நோக்கம் என்றால், வெளியேறும் திரவம் குளிரூட்டிய தயோயூரியா கரைசலில் நேரடியாக விழும்படி அமையுங்கள். சில மணி நேரம் ஓடியபின் குழாயின் மேல் விளிம்பைப் பாருங்கள்: மெத்தனால் ஆவியாகிய இடத்தில் மெல்லிய இளஞ்சிவப்பு வளையம் ஒன்று படிந்திருக்கும். அதில் சாயம் மட்டுமல்லாமல் உலர்ந்த பெராக்சைடும் இருக்கலாம். அதைச் சுரண்டி எடுக்க முயலாமல், சுழற்சியை நிறுத்துவதற்கு முன்பே விளக்கை அணைத்து, தூய மெத்தனாலைச் சில நிமிடங்கள் ஓடவிட்டுக் கழுவிவிடுங்கள்.