பழைய லாச்சி அலமாரி: ஸ்டெயினா, பெயிண்டா?

பினாங்கில், பட்டர்வொர்த் பக்கம் முப்பது வருஷம் தளவாடப் பட்டறை வைத்திருந்தேன். லாச்சி, அதாவது இழுப்பறை, வைத்த பழைய அலமாரி வாங்கியவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

ஆயர் ஈத்தாம் தங்கச்சி: அண்ணே, லோரோங் கூலிட் சந்தையில் ஆறு லாச்சி வைத்த அலமாரி வாங்கினேன். மேல்பலகைக்கு ஸ்டெயின், உடம்புக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிக்க ஆசை. எதில் தொடங்குவது?

அது முழு மரமா என்று பாரும்மா, அதுதான் முதல் வேலை. மேல்பலகையின் ரேகை ஓரத்திலும் மடங்கி இறங்கினால் முழு மரம். ஓரத்தில் தனிப் பட்டை ஒட்டியிருந்தால் மேலே இருப்பது வெனீர் என்கிற மெல்லிய மரத்தகடு, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் மெஷினைக் கொண்டு போகாதே. கையாலேயே மெதுவாகத் தேய்.

ஸ்டெயின் என்பது மரச் சாயம், அது மரத்துக்குள் ஊற வேண்டும். பெயிண்ட் மேலே பிடித்து நின்றால் போதும். அதனால் உடம்பில் பளபளப்பு போகிற அளவுக்குத் தேய்த்தாலே சரி; மேல்பலகையில் மட்டும் பழைய வார்னிஷ் துளிகூட மிஞ்சக் கூடாது. நான்கு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார். முத்து முத்தாக நின்றால் வார்னிஷ் இன்னும் இருக்கிறது. ஊறிக் கறுத்தால் மரம் திறந்துவிட்டது. முழு மரம் என்றால் மணல்தாள் நம்பர் 80, 120, 180 என்று ரேகையோடு தேய்த்துவிட்டு நிறுத்திக்கொள். மேலும் வழவழப்பாக்கினால் மரம் சாயத்தைச் சரியாகக் குடிக்காது.

பிறையிலிருந்து ஒரு தம்பி: வெள்ளைப் பெயிண்ட் மூன்று கோட் அடித்துவிட்டேன். தேத்தண்ணிக் கறை மாதிரி பழுப்பு மேலே வந்துகொண்டே இருக்கிறது.

என்ன மரம்? மெர்பாவாக இருந்தால் ஆச்சரியமே இல்லை. மரத்தில் இருக்கும் டானின் என்கிற பழுப்புச் சத்து தண்ணீர்ப் பெயிண்டில் கரைந்து மேலே ஏறுகிறது. இன்னும் பத்து கோட் அடித்தாலும் ஏறும். காய்ந்ததும் லேசாகத் தேய்த்து, ஷெல்லாக் (அரக்கு) கலந்த பிரைமர், அதாவது அடிப்பூச்சு, ஒரு கோட் அடித்து அடைத்துவிடுங்கள், அதன் மேல் வெள்ளை. என் மச்சினி வீட்டு அலமாரிக்குப் பிரைமர் இல்லாமலே அடித்துக் கொடுத்தேன். தீபாவளிக்குப் போனால் இன்றும் பலகாரத்துக்கு முன்னால் அந்த அலமாரியைத்தான் காட்டுகிறாள்.

பாயான் பாரு அக்கா: எண்ணெய் ஸ்டெயின் போட்டு மூன்று நாள் ஆகிறது, இன்னும் கையில் ஒட்டுகிறதே?

துடைக்காமல் விட்டிருப்பீர்கள் அக்கா. பூசிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில், மரம் குடிக்காத மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். இப்போது அதே ஸ்டெயினை இன்னொரு முறை மெல்லிசாகப் பூசி, இளகியதும் உடனே துடைத்துவிடுங்கள். அப்புறம் அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவையுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் ஊறப் போடுங்கள்.

ஜெலுத்தோங்கிலிருந்து: லேக்கர் அடித்ததும் புகை படிந்தது போல வெளுத்துவிட்டது.

மழை நாளில் அடித்தீர்களா? லேக்கர் என்கிற பளபளப்புப் பூச்சில் இருக்கும் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடும். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழையில் இந்தத் தொல்லை அதிகம். லேக்கர் காய்வதை மெதுவாக்கும் திரவத்தை, ரிட்டார்டர் என்று கேட்டால் பெயிண்ட் கடையில் கொடுப்பார்கள். அதைப் பனி போல மேலே தெளித்தால் லேக்கர் இளகி, ஈரம் வெளியேறி, பெரும்பாலும் தெளிந்துவிடும். அடுத்த முறை வெயில் ஏறிய பிறகு அடியுங்கள்.

அதே தங்கச்சி: லாச்சி இழுக்க வரவில்லை அண்ணே.

மெழுகுவர்த்தியை எடுத்து அடிச்சட்டத்தில் நன்றாகத் தேய்.

அதே தங்கச்சி: பெயிண்ட் காய்ந்துவிட்டது. கண்ணாடியும் சாமானும் இன்றே மேலே வைக்கலாமா?

தொட்டால் ஒட்டாது, ஆனால் உள்ளே இன்னும் இறுகவில்லை. தண்ணீர்ப் பெயிண்ட் முழுதாக இறுக ஒரு மாதம்கூட ஆகும். அதுவரை கனமான எதையும் வைக்காதே. பவுடர் டப்பா வைக்கலாம், அடியில் ஒரு துணி போட்டு.