வான் டைக் மட்டும்தானா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோச் க்ளாப் காலத்து லிவர்பூல் கால்பந்து அணியைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் பார்த்ததிலேயே சிறந்த டிஃபென்ஸ் அதுதான் என்று எழுதியிருந்தீர்கள். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. டிஃபெண்டர்கள் நடுக்கோடு வரை ஏறி நிற்பது சூதாட்டம். 2020 அக்டோபரில் ஆஸ்டன் வில்லா 7-2 என்று அடித்து அதைக் காட்டிவிட்டது. அப்புறம் சென்டர்பேக், அதாவது நடு டிஃபெண்டர், வான் டைக் காயம்பட்டதும் மொத்தமும் சரிந்தது. ஆக அது ஒற்றை ஆளின் டிஃபென்ஸ். வலது பக்கம் அலெக்சாண்டர்-அர்னால்ட், எந்தப் பெரிய ஆட்டம் வந்தாலும் அங்கே ஓட்டைதான். டிஃபென்ஸ் என்றால் 2004-05 செல்சி. செக், டெர்ரி, கார்வால்ஹோ. 38 ஆட்டங்களில் 15 கோல்தான் விட்டார்கள். நீங்கள் ஆட்டத்தைப் பார்த்து எழுதினீர்களா, ரசிகராக எழுதினீர்களா?

க., நாகர்கோவில்

அன்புள்ள க.,

ரசிகனாகத்தான் எழுதினேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரு அணியின் டிஃபென்ஸை ரசிகன் அளவுக்கு உற்றுப் பார்க்கிறவர்கள் குறைவு. எதிரணி பந்தை எடுத்துக்கொண்டு வரும்போதெல்லாம் வயிறு கலங்குவது அவனுக்குத்தானே. 2017 அக்டோபரில் வெம்பிளியில் டாட்டன்ஹாமிடம் 4-1 என்று தோற்ற ஆட்டத்தைக் கடைசி வரை பார்த்தவன் நான். அன்று டிஃபெண்டர் லோவ்ரனை 31ஆவது நிமிடத்திலேயே க்ளாப் வெளியே எடுத்துவிட்டார். காயத்துக்காக அல்ல, ஆட்டம் அவ்வளவு மோசமாக இருந்தது. அங்கிருந்து கிளம்பி அடுத்த பருவமே, 2018-19இல், லீகின் 38 ஆட்டங்களிலும் சேர்த்து 22 கோல் மட்டுமே விட்ட அணியாக மாறினார்கள். 97 புள்ளி, ஒரே ஒரு தோல்வி. இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதில்தான் உங்களுக்கும் எனக்கும் வழக்கு.

வான் டைக்கைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி சரி. 2018 ஜனவரியில் 7.5 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள், அதுவரை உலகத்தில் எந்த டிஃபெண்டருக்கும் யாரும் கொடுக்காத விலை. அது ஏன் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது ஒரே ஒரு காட்சியைத்தான். 2019 மார்ச் 31, ஆன்ஃபீல்ட், எதிரணி மறுபடியும் டாட்டன்ஹாம், 1-1, ஆட்டம் முடிய ஐந்து நிமிடம்தான் பாக்கி. பந்து சிசோகோவிடம். கூடவே சன் ஹியுங் மின் ஓடி வருகிறார். எதிரே வான் டைக் ஒருவர் மட்டும். அந்தச் சில நொடிகளை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அவர் பந்தை நோக்கிப் பாய்வதே இல்லை. சனுக்குப் பந்து போகிற வழியை உடம்பால் அடைத்துக்கொண்டு பின்னாலேயே நகர்கிறார். சிசோகோ பாஸ் கொடுக்கப் பார்க்கிறார், வழியில்லை. இன்னும் கொஞ்சம் ஓடுகிறார், அப்போதும் இல்லை. பாக்ஸுக்குள் வந்த பிறகு இடது காலால் அடிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியே இருக்கவில்லை, அடித்தது கோலுக்கு மேலே போனது. பந்தைத் தொடாமலேயே இரண்டு பேரைத் தடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஆல்டர்வெய்ரெல்டின் சேம்சைடு கோலில் லிவர்பூல் 2-1 என்று ஜெயித்தது. இப்படி ஒரு ஆள் பின்னால் நிற்கிறார் என்ற தெம்பில்தான் மற்ற பத்துப் பேரும் முன்னே போனார்கள், மறுக்கவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு வாதங்கள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. வில்லாவிடம் 7-2 வாங்கிய அன்று வான் டைக் முழு ஆட்டமும் ஆடினார். அவர் காயம்பட்டது அதற்கு அப்புறம், அக்டோபர் 17ஆம் தேதி, எவர்ட்டன் ஆட்டத்தில். அந்த டிஃபென்ஸே அவர் ஒருவர்தான் என்றால், அவர் களத்தில் இருக்கும்போது ஏழு கோல் எப்படி விழுந்தது?

அன்று என்ன நடந்தது என்பதைச் சொல்ல, நான் ஆடிய காலத்துக்குக் கொஞ்சம் போகவேண்டும். பள்ளியில் நான் ஸ்டாப்பர், அதாவது நடு டிஃபெண்டர். எங்கள் கோச் எங்களை மேலே ஏறி நிற்கச் சொல்வார், ஆனால் அதைச் சொல்லும்போது எங்களைப் பார்த்துக் கத்தமாட்டார், முன்னால் நிற்கிற ஃபார்வர்டுகளைப் பார்த்துத்தான் கத்துவார். "பந்து வச்சிருக்கிறவனைத் தலை நிமிர விடாதே!" அவ்வளவுதான் அவர் பாடம். பந்து வைத்திருப்பவன் தலை குனிந்து காலைப் பார்த்துக்கொண்டிருக்கிற வரை பின்னால் இருப்பவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறி நிற்கலாம். அவனால் நீளப் பந்து போடமுடியாது. அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டான், அடிக்க நேரமும் கிடைத்துவிட்டது என்றால் ஏறி நிற்பதற்கு அர்த்தமே இல்லை, திரும்பி ஓடத் தொடங்கவேண்டும்.

வில்லா ஆட்டத்தை இதை மனதில் வைத்துப் பாருங்கள். முன்களத்தில் மானே கொரோனாவால் இல்லை, நடுக்களத்தில் தியாகோவும் இல்லை. கோலில் அலிசனுக்குப் பதிலாக அட்ரியான். முதல் கோலே அவர் தப்பான பாஸால் வந்தது. அதைவிட முக்கியம், வில்லாவின் கிரீலிஷும் பார்க்லியும் நடுக்களத்தில் பந்தை வாங்கித் திரும்பி, நிமிர்ந்து, யாரை எங்கே அனுப்பலாம் என்று யோசித்து அனுப்பினார்கள். அவர்கள் மேல் போய் விழ ஒருவரும் இல்லை. பின்னால் டிஃபெண்டர்களின் லைன் மட்டும் வழக்கமான இடத்தில் நின்றது. வாட்கின்ஸ் இடைவேளைக்கு முன்பே ஹாட்ரிக் போட்டார். சில ஷாட்கள் லிவர்பூல்காரர்கள் மேல் பட்டுத் திசைமாறி உள்ளே போனது உண்மைதான், ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல எனக்கு மனமில்லை. அது மோசமான டிஃபென்ஸ். அந்த மோசம் தொடங்கியது முன்களத்திலும் நடுக்களத்திலும் என்பதுதான் நான் சொல்லவருவது.

சரி, காயத்துக்குப் பிறகு நடந்த சரிவு. இதைப் பற்றி எல்லோரும் பேசுகிற விதமே எனக்கு ஆறாத வருத்தம். வான் டைக், அப்புறம் நவம்பரில் கோம்ஸ், ஜனவரி கடைசியில் மட்டிப் என்று மூன்று சென்டர்பேக்குகளும் அந்தப் பருவத்துக்கே போய்விட்டார்கள். க்ளாப் என்ன செய்தார்? நடுக்களத்தில் இருந்து ஃபபின்ஹோவையும் ஹென்டர்சனையும் பின்னால் இழுத்தார். அங்கேதான் முறிந்தது. 68 லீக் ஆட்டங்களாகச் சொந்த மைதானத்தில் தோற்காமல் இருந்த அணி, ஜனவரியில் பர்ன்லியிடம் தோற்கத் தொடங்கி ஆன்ஃபீல்டில் வரிசையாக ஆறு லீக் ஆட்டங்களில் தோற்றது. பர்ன்லி, பிரைட்டன், மான்செஸ்டர் சிட்டி, எவர்ட்டன், செல்சி, ஃபுல்ஹம். இந்த ஆறிலும் வாங்கிய கோல் பத்து. அதில் நான்கு சிட்டியிடம் மட்டும், அதிலும் இரண்டு அலிசன் காலில் இருந்து தவறிப்போன பாஸ்களால் வந்தவை. மற்ற ஐந்து ஆட்டங்களிலும் ஒன்று, இரண்டு என்றுதான் விட்டார்கள். ஆனால் ஆறு ஆட்டத்திலும் சேர்த்து லிவர்பூல் போட்டது ஒரே ஒரு கோல், அதுவும் சாலாவின் பெனால்டி! டிஃபென்ஸ் சரிந்தது என்று ஊரே சொன்ன நேரத்தில் உண்மையில் சரிந்துகிடந்தது நடுக்களம். முன்களத்திலும் காயங்கள் இருந்தன, அதையும் கணக்கில் வைக்கிறேன். ஆனாலும் இந்த ஆறில் ஒன்றில்கூட ஃபபின்ஹோ தன் இடத்தில், நடுக்களத்தில், ஆட்டத்தைத் தொடங்கவில்லை என்பதைத் தள்ளிவிட முடியுமா?

மார்ச்சில் அவரைத் திரும்ப நடுக்களத்துக்குக் கொண்டுவந்தார்கள். பின்னால் நின்றவர்கள் யார்? அந்தப் பருவத்துக்கு முன்பு பிரீமியர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடியிராத நேட் ஃபிலிப்ஸ், பத்தொன்பது இருபது வயதுப் பையன் ரீஸ் வில்லியம்ஸ், பிப்ரவரி 1ஆம் தேதி, ஆள் வாங்கக் கடைசி நாளில், அவசரமாக இரவல் வாங்கிய ஒஸான் கபாக். இந்த ஆட்களை வைத்துக்கொண்டு கடைசிப் பத்து லீக் ஆட்டங்களில் எட்டு வெற்றி, இரண்டு டிரா. விட்ட கோல் ஆறு. பத்து ஆட்டத்தில் ஆறு கோல், வான் டைக் இல்லாமல், மட்டிப் இல்லாமல், கோம்ஸ் இல்லாமல். அந்த ஆண்டு மூன்றாம் இடம் பிடித்தார்கள். ஒற்றை ஆளின் டிஃபென்ஸ் என்று நீங்கள் எழுதியதற்கு என் முழுப் பதிலும் இந்தப் பத்து ஆட்டங்கள்தான்.

இதே சமயத்தில் என் வாதத்துக்கு எதிரான ஓர் ஆட்டமும் இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். 2021 ஏப்ரல் 6, சாம்பியன்ஸ் லீக் காலிறுதி, மாட்ரிட். ஃபபின்ஹோ நடுக்களத்தில்தான் இருந்தார். ஆனாலும் ரியல் மாட்ரிட்டின் டோனி க்ரூஸ் தன் பாதியில் நின்றுகொண்டு, பக்கத்தில் ஒரு சிவப்புச் சட்டை இல்லாமல், நிதானமாகப் பார்த்து ஒரு நீளப் பந்து போட்டார். ஃபிலிப்ஸுக்கும் அலெக்சாண்டர்-அர்னால்டுக்கும் நடுவில் ஓடிய வினிசியஸ் அதை நெஞ்சில் வாங்கிக் கோல் அடித்தார். ஆக ஃபபின்ஹோ என்ற பெயர் மட்டும் போதாது. க்ரூஸைத் தலை நிமிர விட்டார்கள். 3-1 என்று தோற்றார்கள்.

இப்போது வலது பக்கம். 'எந்தப் பெரிய ஆட்டம் வந்தாலும்' என்று எழுதியது அநியாயம். 2019 மே மாதம் பார்சிலோனாவை 4-0 என்று அடித்த இரவில் மெஸ்ஸியும் சுவாரஸும் ஒரு கோல்கூடப் போடவில்லை, அதே இரவில்தான் நான்காவது கோலுக்கான கார்னரை எடுத்தவரும் அலெக்சாண்டர்-அர்னால்ட். அடுத்து வந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்திலும் டாட்டன்ஹாமுக்குக் கோல் இல்லை. அந்தப் பருவத்து லீகில் அவர் கொடுத்த அசிஸ்ட் 12, இடது பக்கம் ஆடிய ராபர்ட்சன் 11. ஓரத்து டிஃபெண்டர்களான இந்த இரண்டு ஃபுல்பேக்குகளும் முன்னே போய்த்தான் அந்த அணி கோல் போட்டது. அவர் போன இடத்தை ஹென்டர்சன் ஓடிவந்து அடைப்பார், வலது சென்டர்பேக் கொஞ்சம் விலகி வருவார். இந்த ஏற்பாடு ஓடுகிற கால்களை நம்பி இருந்தது.

அதே நேரம், 2022 மே 28 பாரிஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தை மறைக்கமாட்டேன். ரியல் மாட்ரிட்டின் வால்வெர்டே வலது பக்கத்திலிருந்து தரையோடு அடித்த பந்து பாக்ஸைக் குறுக்கே கடந்து வருகிறது. அலெக்சாண்டர்-அர்னால்டின் கண் பந்து மேல். முதுகுக்குப் பின்னால் வினிசியஸ் வந்துவிட்டதை அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தூரத்துப் போஸ்ட் அருகே தனியாக நின்று வினிசியஸ் கோலுக்குள் தட்டிவிட்டார். இதைச் சொல்லித்தர ஃபுல்பேக்குக்குப் பெரிய கோச் வேண்டாம், தோளுக்கு மேல் ஒருமுறை பார்த்தால் போதும். அது அவர் பிழை, அவர் பிழை மட்டுமே.

என்னைக் கேட்டால் அந்த டிஃபென்ஸின் நிஜமான பலவீனம் நீங்கள் எழுதிய மூன்றிலும் இல்லை. பந்து வைத்திருப்பவன் மேல் போய் விழுகிற அந்தப் பிரஸ்ஸிங் ஓய்ந்த நாளில் என்ன செய்வது என்பதற்கு அவர்களிடம் வேறு திட்டமே கிடையாது. 2022-23ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வான் டைக் இருந்தார், அலிசன் இருந்தார், ராபர்ட்சன், அலெக்சாண்டர்-அர்னால்ட் எல்லோரும் இருந்தார்கள். மானே பயர்ன் மியூனிக்குக்குப் போய்விட்டார், ஃபபின்ஹோவுக்கும் ஹென்டர்சனுக்கும் கால் ஓடவில்லை. லீகில் 47 கோல் விட்டு ஐந்தாம் இடம். அதற்கு முந்தைய பருவம் இதே ஆட்கள் விட்டது 26. அந்த பிப்ரவரியில் ஆன்ஃபீல்டில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக முதல் 14 நிமிடத்துக்குள் 2-0 என்று முன்னே போய்விட்டு 5-2 என்று தோற்றார்கள். நான் அன்று இரவெல்லாம் தூங்கவில்லை. தோல்வி புதிதில்லை, ஆனால் நடுக்களம் ஓடமுடியாமல் தவிக்கும்போதும் பின்வரிசை பத்து அடி கீழே இறங்க மறுத்ததைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. இறங்கு என்று சொல்லவேண்டியவர் க்ளாப். அவர் சொல்லவில்லை, அல்லது சொல்ல மிகவும் தாமதித்தார். அவர்மேல் எனக்கு எவ்வளவோ அன்பு உண்டு, இந்த ஒன்றில் அவரை மன்னிக்க முடியவில்லை.

செல்சிக்கு வருகிறேன். 15 கோல் என்பது இன்றும் பிரீமியர் லீக் சாதனை, எண்ணிக்கையில் அதற்குப் பக்கத்தில்கூட லிவர்பூல் இல்லை, அந்த வாதத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். ஆனால் நீங்கள் எழுதிய பெயர்களைத் திரும்பப் பாருங்கள். செக், டெர்ரி, கார்வால்ஹோ. அந்த மூவருக்கும் முன்னால் வாரா வாரம் நின்று, எதிரணியின் பந்தை டெர்ரி வரை வரவிடாமல் பார்த்துக்கொண்டவர் கிளாட் மக்கெலெலே. நீங்கள் அவரை விட்டதும், லிவர்பூலைப் பற்றிப் பேசும்போது ஃபபின்ஹோவை விட்டதும் எனக்கு ஒரே விஷயமாகத்தான் தெரிகிறது.

நேரம் கிடைத்தால் 2021 மே 19 பர்ன்லி ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள், 3-0. நேட் ஃபிலிப்ஸ் மானேயின் கிராஸுக்குத் தலை கொடுத்துக் கோல் போடுகிறார், கொஞ்ச நேரம் கழித்துத் தன் கோல் கோட்டின் மேலேயே நின்று உள்ளே போகவிருந்த பந்தைத் தலையால் வெளியே தள்ளுகிறார். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.