நன்றாகச் சாப்பிட்டும் மெலியும் வயதான பூனை

கேள்வி: எங்கள் பூனைக்கு 13 வயது. கருத்தடை செய்த ஆண். போன வருடம் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது 5.2 கிலோ இருந்தான், இப்போது 4.5 கிலோ. சாப்பாட்டில் குறை இல்லை, முன்பைவிட அதிகமாகவே கேட்கிறான். அவ்வப்போது வாந்தி எடுப்பான். முடி உருண்டைதான் என்று விட்டுவிட்டோம். வயதானால் இளைப்பது சகஜம் என்கிறார்கள் வீட்டில். மருத்துவரிடம் போக வேண்டுமா, சத்தான உணவாக மாற்றிப் பார்த்தால் போதுமா?

பதில்: போக வேண்டும், இந்த வாரத்திலேயே. உணவை மட்டும் இப்போதைக்கு மாற்றாதீர்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

வெறும் 700 கிராம்தானே என்று தோன்றும். சதவீதத்தில் பாருங்கள்: 700ஐ 5,200ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 13.5. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் எந்த முயற்சியும் இல்லாமல் 8 கிலோ இளைத்ததற்குச் சமம் இது. பூனைக்கு 5 சதவீதம் குறைந்தாலே கவனிக்க வேண்டும். 10ஐத் தாண்டினால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். வயதாக ஆகச் சில பூனைகளுக்குக் கொழுப்பையும் புரதத்தையும் செரிக்கும் திறன் குறைகிறது, அதனால் ஓரளவு இளைப்பதும் உண்மைதான். ஆனால் மற்றவற்றையெல்லாம் சோதித்து ஒதுக்கிய பிறகு கடைசியாக வர வேண்டிய முடிவு அது. முதலிலேயே அதைச் சொல்லிவிட்டால் குணப்படுத்தக்கூடிய நோய்கூடக் கைநழுவிப் போகும்.

'நன்றாகத்தானே சாப்பிடுகிறான்' என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்கிறீர்கள். மருத்துவருக்கு அதுதான் முதல் துப்பு. பசி குறைந்து மெலியும் பூனையிடம் சிறுநீரகக் கோளாறு, கணைய அழற்சி, வலி, புற்றுநோய் ஆகியவற்றைத் தேடுவார்கள். சாப்பிட ஆசையோடு கிண்ணத்தருகே வந்து, முகர்ந்துவிட்டுப் பின்வாங்கினாலோ, தலையைச் சாய்த்து ஒரு பக்கமாகவே மென்றாலோ, வாயிலிருந்து உணவு விழுந்தாலோ பல்லைப் பார்க்க வேண்டும். நிறையத் தின்றும் மெலிந்தால் சந்தேகம் மூன்று பக்கம் போகும்: தைராய்டு மிகையாகச் சுரப்பது, சர்க்கரை நோய், குடல் சத்தை உறிஞ்சாமல் விடுவது. உங்கள் பூனை இந்த வகை. குடற்புழுவும் காரணமாகலாம். ஆனால் இந்த வயதில் அதை மட்டும் குற்றவாளியாக்கி, மருந்து கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

போவதற்கு முன் வீட்டில் இரண்டு மூன்று நாள் சில அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எடை பார்க்கக் குழந்தைகளுக்கான தராசு நல்லது, 10 கிராம் வித்தியாசத்தையும் காட்டும். பூனையைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழிக்கும் முறையில் 100, 200 கிராம் பிசகு எளிதில் வரும். நாலு கிலோ உயிருக்கு அதுவே 5 சதவீதம். அட்டைப்பெட்டியைத் தராசில் வைத்துச் சுழியமாக்கிவிட்டுப் பூனையை உள்ளே விட்டால் அநேகமாகத் தானே உட்கார்ந்துவிடும். எப்போதும் அதே தராசு, காலை உணவுக்கு முந்தைய அதே நேரம்.

உணவையும் கண்ணளவில் சொல்லாமல் நிறுத்துப் பாருங்கள். வைத்த கிராமிலிருந்து மிஞ்சிய கிராமைக் கழித்தால் தின்றது தெரியும். வீட்டில் வேறு பூனைகள் இருந்தால் தனி அறையில் வைத்துக் கொடுங்கள். பொதுக் கிண்ணம் காலியாவதை வைத்து இவன்தான் தின்றான் என்று நினைத்து ஏமாறுவது மிகச் சாதாரணம். தண்ணீருக்கு: காலையில் 500 மில்லி அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரம் மீதியை அளக்க வேண்டும். ஆவியாவதைக் கழிக்க, பூனை எட்டாத இடத்தில் அதே போன்ற இன்னொரு கிண்ணத்தில் அதே அளவு வையுங்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 50 மில்லிக்கு மேல் போனாலே சந்தேகப்பட வேண்டும், 100ஐத் தாண்டினால் நிச்சயம் அசாதாரணம். 4.5 கிலோவுக்கு இது முறையே 225, 450 மில்லி. ஈர உணவு தின்னும் பூனை இதைவிட மிகக் குறைவாகவே குடிக்கும். அதனிடம் 150 மில்லிகூட அதிகம்தான். மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் முன்பைவிடப் பெரிதாகியிருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதுகெலும்பின் மேலும் தோள்பட்டையிலும் இடுப்பிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். எலும்பு துருத்திக்கொண்டு, அடிவயிறு மட்டும் தொங்கினால் கரைந்தது தசை. தொப்பை இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: ரத்த அணுக்களின் எண்ணிக்கை, சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை அடங்கிய உயிர்வேதியியல் பரிசோதனை, மொத்த டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோனின் அளவு), சிறுநீர்ப் பரிசோதனை, ரத்த அழுத்தம். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுப்பது நல்லது. வயதான பூனைக்கு இரண்டு மூன்று நோய்கள் சேர்ந்தே இருக்கலாம், ஒன்று இன்னொன்றை மறைக்கலாம். சிறுநீரகத்தின் நிலையை அறிய ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்த பூனைக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தும் அது சரியாக இருப்பதுபோல் காட்டும். அதனால் தசையை அவ்வளவாகச் சாராத எஸ்டிஎம்ஏ என்ற சிறுநீரக அளவையும், சிறுநீரின் அடர்த்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடர்த்தி 1.035க்குக் கீழே இருந்தால் காரணம் தேட வேண்டும். சர்க்கரையிலும் ஒரு பொறி உண்டு. பயந்த பூனைக்கு அந்த நிமிடமே ரத்தச் சர்க்கரை எகிறும். ஃப்ரக்டோசமின் என்ற ரத்த அளவைப் பார்த்தால் கடந்த ஓரிரு வார நிலவரம் தெரியும். ஆனால் தைராய்டு மிகையாகச் சுரக்கும் பூனைக்கு அதுவும் குறைத்தே காட்டும். கூண்டைப் பார்த்தாலே ஓடி ஒளியும் பூனையென்றால், கிளம்புவதற்கு முன் கொடுக்கப் பதற்றம் தணிக்கும் மருந்து உண்டா என்று தொலைபேசியிலேயே கேளுங்கள்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் முதல் சந்தேகம் தைராய்டு மேல்தான். 10 வயதைத் தாண்டிய பூனைகளுக்கு வரும் ஹார்மோன் கோளாறுகளில் மிகப் பரவலானது அது. காரணம் பெரும்பாலும் தைராய்டில் வரும் புற்றுநோயல்லாத சாதாரணக் கட்டி. பசி, வாந்தி, இரவில் காரணமில்லாமல் கத்துவது, நிலைகொள்ளாமல் திரிவது, முடி சிக்கலாகிப் பரட்டையாவது, வேகமான இதயத்துடிப்பு எல்லாம் வரும். சில பூனைகள் மெலிந்தும் குட்டிபோல் ஓடியாடும். வீட்டார் அதைப் பார்த்து மகிழ்ந்துபோய் விட்டுவிடுவார்கள். தொடக்க நிலையிலோ வேறு நோய் கூட இருந்தாலோ டி4 இயல்பான எல்லைக்குள்ளேயே இருக்கலாம். அது எல்லையின் மேல்பாதியில் இருந்து, அறிகுறிகளும் பொருந்தினால், 'நார்மல்' என்று விட்டுவிடாமல் சில வாரங்களில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

உறுதியானால் வழிகள் நான்கு. மெத்திமசோல் அல்லது கார்பிமசோல் மாத்திரை சுரப்பைக் கட்டுப்படுத்தும், கட்டியை அழிக்காது; எனவே நிறுத்தினால் நோய் திரும்பும். மாத்திரை விழுங்காத பூனைக்குக் காது மடலின் உட்புறம் தடவும் களிம்பும் உண்டு. கையுறை போட்டுத்தான் தடவ வேண்டும், கர்ப்பிணிகள் தொடவே கூடாது. முதல் சில மாதங்களில் வாந்தி, பசியின்மை, முகத்தை ரத்தம் வரச் சொறிவது, வெள்ளணு குறைவது போன்றவை நேரலாம். முகத்தைச் சொறியத் தொடங்கினால் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே மருத்துவரைக் கேளுங்கள். இரண்டாவது, கதிரியக்க அயோடின் 131. ஒரே ஊசியில் பெரும்பாலானவை குணமாகும், ஆனால் தனி வசதியுள்ள மையத்தில் சில நாள் இருக்க வேண்டும். மூன்றாவது அறுவை சிகிச்சை. நான்காவது அயோடின் குறைத்த உணவு: அதைத் தவிர ஒரு வாய்கூட வேறெதுவும் தின்னக் கூடாது என்பதால், வெளியே போய்வரும் பூனைக்கும் பல பூனைகள் உள்ள வீட்டுக்கும் சரிப்படாது. வசதி எட்டும் தூரத்தில் இருந்து, சிறுநீரகமும் தாங்கும் என்றால், 13 வயதில்கூட அயோடின் ஊசியைத் தயங்காமல் யோசிக்கலாம்.

சர்க்கரை நோய் என்றால் தாகமும் சிறுநீரும் வெளிப்படையாகக் கூடியிருக்கும். முற்றினால் பின்னங்கால் குதிகால் தரையில் படிய நடக்கும். முன்பு குண்டாக இருந்த கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கு இது அதிகம், எனவே உங்கள் பூனையிடம் இதை ஒதுக்கிவிட முடியாது. சீக்கிரம் தொடங்கினால் சில பூனைகளுக்குப் பிறகு இன்சுலின் தேவைப்படாமலே போவதும் உண்டு.

அந்த வாந்தி விஷயத்துக்கு வருவோம். முடி உருண்டை எப்போதாவது வரலாம். மாதத்தில் பல முறை வாந்தி, கூடவே எடைக்குறைவு என்றால் குடலைப் பார்க்க வேண்டும். நாள்பட்ட குடல் அழற்சியும் மெதுவாக வளரும் ஒருவகை நிணநீர்ப் புற்றும் வெளியிலிருந்து ஒன்றுபோலவே இருக்கும். அல்ட்ராசவுண்டில் குடல் சுவர் தடித்திருப்பது தெரியும், எது என்பது தெரியாது. பிரித்தறியத் திசுப் பரிசோதனை வேண்டும். அதற்கு முன் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் முடிவு குழம்பிவிடும், எனவே 'ஊசி போட்டுப் பார்ப்போம்' என்றால் திசு எடுக்கும் எண்ணம் உண்டா என்று முதலில் கேளுங்கள். பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்திருக்கும்வரை மற்ற சிகிச்சைக்கும் எடை சரியாக ஏறாது. அந்த மெதுவான புற்றோடு, மருந்தில் பல பூனைகள் ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழ்கின்றன.

உணவை மாற்றாதீர்கள் என்றது இதனால்தான்: அயோடின் குறைத்த உணவைத் தொடங்கிவிட்டால் டி4 இறங்கி, நோய் இல்லாததுபோல் காட்டும். சிறுநீரக உணவில் புரதம் குறைவு. தேவையில்லாத பூனைக்கு அது தசையை இன்னும் கரைக்கும். குடலில் கோளாறு இருந்தால் திடீர் மாற்றம் வயிற்றுப்போக்கில் கொண்டுவிடும். இப்போது தின்பதையே, கேட்கும் அளவுக்கு, நாலைந்து சிறு வேளைகளாகக் கொடுங்கள். ஈர உணவென்றால் உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கினால் மணம் எழும். தின்னும் அளவைச் சரிபார்க்க: 4.5 கிலோ பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 முதல் 250 கிலோகலோரி போதும். தின்ற கிராமை, பொட்டலத்தில் போட்டிருக்கும் ஒரு கிராமுக்கான கலோரியோடு பெருக்கிப் பாருங்கள். 300 தின்றும் எடை இறங்கினால் அந்த ஒரு எண்ணே மருத்துவருக்குப் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

வாரக் கடைசிவரை காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. 24 மணி நேரம் எதையும் தின்னவில்லை என்றால் அன்றே போங்கள். ஓரிரு நாள் பட்டினியிலேயே பூனையின் கல்லீரலில் கொழுப்பு தேங்கத் தொடங்கலாம், குண்டாக இருந்த பூனைக்கு ஆபத்து இன்னும் கூடுதல். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, திடீரெனக் கண் தெரியாமல் முட்டிக்கொள்வது, பின்னங்கால் செயலிழந்து சில்லிட்டுப்போவது, சிறுநீர் கழிக்க முக்கியும் வராதது ஆகியவற்றுக்கு நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும். எதற்காகவும் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

தைராய்டு மருந்து தொடங்கினால் 2 முதல் 4 வாரத்துக்குள் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்: டி4, அணுக்கள், சிறுநீரக அளவுகள். அப்போது கிரியாட்டினின் ஏறியிருந்தால் மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்று பதறி நிறுத்திவிடாதீர்கள். மிகையான தைராய்டு ரத்த ஓட்டத்தைக் கூட்டி, முன்பே இருந்த பழுதை மறைத்திருக்கும். ஓட்டம் இயல்புக்கு வரும்போது அது வெளியே தெரிகிறது. மருந்தளவை அதற்கேற்ப மாற்றி இரண்டையும் சேர்த்தே நடத்தலாம். எடையை வாரம் ஒருமுறை பார்த்து எழுதி வாருங்கள். டி4 சரியான பிறகும் நாலு வாரத்தில் எடை ஏறத் தொடங்கவில்லை என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது குடல்.