ஒரே அப்டேட்டை எட்டு தடவை இறக்குவானேன்?

கேள்வி: அலுவலகத்தில் எட்டு கணினிகள். ஆறில் விண்டோஸ் 11, இரண்டில் உபுண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே இன்டர்நெட் இணைப்பு, அதற்கும் மாத டேட்டா வரம்பு உண்டு. அப்டேட் வந்தால் பாதி டேட்டா அதிலேயே போய்விடுகிறது. அப்டேட்டை மொத்தமாக நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம், பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்து நின்றுபோகும். எட்டு கணினிகளும் ஒரே கோப்பைத் தனித்தனியாக இறக்குவதை மட்டும் நிறுத்தினால் போதும்.

விண்டோஸிலேயே அதற்கு வழி இருக்கிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று போங்கள். மற்ற கணினிகளிலிருந்து இறக்க அனுமதிக்கும் பொத்தானை இயக்கி, உள் நெட்வொர்க்கில் உள்ள கணினிகள் மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்டர்நெட்டில் உள்ள கணினிகளையும் சேர்க்கும் தேர்வு வேண்டாம். முகம் தெரியாதவர்களுக்கு உங்கள் டேட்டாவில் அப்டேட் அனுப்பிக்கொண்டிருப்பீர்கள்.

மாதாந்தர அப்டேட் வழக்கமாக இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகும். அப்போது எல்லாக் கணினிகளையும் ஒன்றாக முடுக்கிவிடாதீர்கள். முதலில் ஒன்றில் முடியட்டும். அதை அணைக்காமல் வைத்துக்கொண்டு அன்றோ மறுநாளோ மற்றவற்றைத் தொடங்குங்கள். பகிர்வதற்கான கோப்புகளை விண்டோஸ் சில நாள்தான் வைத்திருக்கும். முதல் கணினி லேப்டாப் என்றால் சார்ஜரில் இருக்கட்டும், பேட்டரியில் ஓடும்போது பொதுவாகப் பிறருக்குக் கொடுக்காது.

சரி, வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? அதே பக்கத்தில் ஆக்டிவிட்டி மானிட்டர் இருக்கிறது. மைக்ரோசாப்ட்டிடமிருந்து எவ்வளவு வந்தது, உள் நெட்வொர்க்கிலிருந்து எவ்வளவு வந்தது என்று பிரித்துக் காட்டும். இரண்டாவது கணினியிலும் உள் நெட்வொர்க் கணக்கு பூஜ்யமாகவே இருந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, டேட்டா மிச்சமாகட்டும் என்று யாராவது இணைப்பை மீட்டர்டு, அதாவது டேட்டா வரம்புள்ளது, என மாற்றியிருக்கலாம். மாற்றினால் பகிர்வும் நின்றுவிடும். மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவை இழுத்துக்கொள்வது இங்கேதான். இரண்டு, வைஃபை ரவுட்டரில் கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவைக்கும் ஏபி ஐசொலேஷன் இயங்கினாலோ, சில கணினிகள் விருந்தினருக்கான கெஸ்ட் நெட்வொர்க்கில் இருந்தாலோ ஒன்றையொன்று பார்க்க முடியாது.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு மாற்றத்துக்கு நான் பென் டிரைவைத்தான் நம்புவேன். மைக்ரோசாப்ட் தளத்தில் விண்டோஸ் நிறுவல் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை ஒரு தடவை இறக்கி, பென் டிரைவில் போட்டு, ஒவ்வொரு கணினியிலும் அதைத் திறந்து செட்டப்பை ஓட்டுங்கள். கோப்பு 4 ஜிபியைத் தாண்டும் என்பதால் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் ஏற்காது; எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் அப்டேட்டுகளை இப்போதே இறக்கட்டுமா என்பதற்கு வேண்டாம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் மறுபடி நெட்டுக்குப் போகும்.

அப்புறம் உபுண்டு. இறங்கும் பேக்கேஜ்களைச் சேமித்துவைக்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற மென்பொருளை ஒரு கணினியில் நிறுவி, இரண்டிலுமே ஆப்ட்டுக்கு (உபுண்டுவில் பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கருவி) இடையில் நிற்கும் ப்ராக்ஸியாக அதன் ஐபி முகவரியையும் 3142 என்ற போர்ட்டையும் கொடுங்கள். ஒருமுறை இறங்கிய பேக்கேஜை அடுத்த கணினி அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆப்ட் வழியாக அல்லாமல் தனியாக இறங்கும் ஸ்னாப் வகைப் பேக்கேஜ்கள் இந்த வழியாக வராது, 22.04 முதல் உபுண்டுவோடு வரும் ஃபயர்பாக்ஸும் ஸ்னாப்தான், அது இரண்டிலும் தனித்தனியாகவே இறங்கும்.