பெங்களூரில் ஒரு பிடிபி-11/23 (டெக் நிறுவனத்தின் பழைய மினி கம்ப்யூட்டர்) கிடைத்திருக்கிறது. 256 கேபி மெமரி, இரண்டு ஆர்எல்02 டிஸ்க் டிரைவ் உண்டு. 2.11 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் போட விருப்பம். எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் போடலாம்?

டெக்கின் ஆர்டி-11 போடுங்கள். யூனிக்ஸ் ஆசை இருக்கும், எனக்கும் உண்டு. அது இரண்டாவதாக வரட்டும்.

நீங்கள் விரும்புவது 2.11 பிஎஸ்டி. அது இந்த மெஷினில் ஓடாது. 11/23-இல் ஒரு புரோகிராமின் கட்டளைகளும் டேட்டாவும் சேர்ந்து 64 கேபிக்குள் அடங்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனியாக 64 கேபி தரும் வசதி 11/44, 11/70, 11/73 போன்றவற்றில்தான் உண்டு. 2.11 பிஎஸ்டிக்கு அது கட்டாயம். மெமரியை எவ்வளவு கூட்டினாலும் இந்தத் தடை போகாது.

1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பை 11/23-க்கு ஏற்ப மாற்றியவர்கள் உண்டு, அது ஓடும். 2002-இல் கால்டெரா நிறுவனம் பழைய யூனிக்ஸ்களைத் திறந்துவிட்டதால் உரிமச் சிக்கலும் இல்லை. ஆனால் நம்ம ஊரில் கோடை மழை வந்தாலே கரண்ட் போகும். யூனிக்ஸ் டிஸ்க்கில் எழுத வேண்டியதைக் கொஞ்ச நேரம் மெமரியிலேயே வைத்திருக்கும். திடீரென்று கரண்ட் போனால் ஃபைல் சிஸ்டம் குழம்பும். அப்புறம் ஐசெக், டிசெக் என்ற சோதனை புரோகிராம்களை ஓட்டி, ஐநோடு (ஃபைலின் விவரப் பதிவு) ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்ய வேண்டும். நல்ல யுபிஎஸ் இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

ஆர்டி-11 ஒரே ஆளுக்கான சிஸ்டம், மெமரியில் சில கேபிதான் பிடிக்கும். டாஸ் பழகியவருக்கு டிர், காப்பி எல்லாம் உடனே கைவரும். ஒவ்வொரு ஃபைலும் டிஸ்க்கில் ஒரே தொடர்ச்சியாக இருப்பதால் ஏதாவது கெட்டாலும் மீட்பது எளிது. அவ்வப்போது ஸ்க்வீஸ் கொடுத்துக் காலியிடத்தை ஒன்றுசேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஆர்எல்02-ஐத் தொடாமலே ஆர்டி-11-ஐ பூட் செய்யலாம். எஸ்.பி. ரோட்டில் ஒரு யுஎஸ்பி-சீரியல் கேபிள் வாங்கி, உங்கள் லேப்டாப்பை டியூ58 டேப் டிரைவ் போல நடிக்க வைக்கலாம். மெஷினில் இரண்டாவது சீரியல் போர்ட் 176500 என்ற முகவரியில் இருக்க வேண்டும். டேப் ஒன்று 256 கேபிதான், வேகமும் குறைவு. பரவாயில்லை. பல வருடம் தூங்கிய ஆர்எல்02-இல் தூசி இருக்கும், ஹெட் இறங்கினால் பிளாட்டரைக் கீறிவிடும். சுத்தம் செய்து ஃபில்டரைப் பார்க்கும்வரை அதைச் சுழற்றவே வேண்டாம். அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின் என்றால் பவர் சப்ளை இன்னும் 115 வோல்ட்டில் வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், நம்ம ஊர் கரண்ட் 230 வோல்ட்.

டெக்கின் இன்னொரு சிஸ்டமான ஆர்எஸ்எக்ஸ்-11எம்? ஒரே நேரத்தில் பல வேலை, பல டெர்மினல் என்று ஓட்ட அருமையானது. ஆனால் சிஸ்ஜென், அதாவது மெஷினுக்கு ஏற்றபடி சிஸ்டத்தை உருவாக்கும் வேலை, பொறுமையைச் சோதிக்கும், முதல் மாதத்துக்கு அது வேண்டாம்.

இன்று இரவே சிம்எச் எமுலேட்டரில் (பழைய மெஷினைப் போல நடிக்கும் சாஃப்ட்வேர்) சிபியுவை 11/23, மெமரியை 256 கேபி என்று செட் செய்து ஆர்டி-11-ஐ ஓட்டிப் பாருங்கள். அங்கே உருவாக்கும் டேப் இமேஜையே பின்னால் லேப்டாப்பிலிருந்து நிஜ மெஷினுக்கும் கொடுக்கலாம். பவர் போட்டதும் டெர்மினலில் @ வந்தால் சிபியு உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் போர்டுகளின் ஃபோட்டோவை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.