கடனும் கிளியரன்ஸும்: கேள்வி பதில்

அமெரிக்க அரசிலும் பாதுகாப்பு ஒப்பந்த நிறுவனங்களிலும் வேலைக்குப் போகிறவர்கள் செக்யூரிட்டி கிளியரன்ஸ் (அரசு ரகசியங்களைக் கையாளத் தரும் அனுமதி) பற்றிக் கேட்டவை.

கே: போன வருடம் சாப்டர் 7 (கோர்ட் கடன்களை ரத்து செய்யும் வகை) திவால் மனு போட்டேன். இனி கிளியரன்ஸ் கிடைக்காதா?

ப: அப்படி விதி இல்லை. கிளியரன்ஸ் தரலாமா என்று முடிவு செய்ய 2017 ஜூன் 8 முதல் நடப்பில் உள்ள வழிகாட்டு நெறிகளில் 'எஃப்' பிரிவு பண விஷயத்துக்கானது. இத்தனை டாலருக்கு மேல் கடன் இருந்தால் மறுப்பு என்று அதில் வரம்பு கிடையாது. கடன் எப்படி வந்தது, வந்த பிறகு என்ன செய்தீர்கள் என்பதே கேள்வி. வேலை இழப்பு, மருத்துவச் செலவு, விவாகரத்து போன்ற கைமீறிய காரணம் உதவும். ஆனால் அந்த நேரத்தில் பொறுப்பாக நடந்தீர்கள் என்றும் காட்ட வேண்டும். வேலைநீக்கக் கடிதம், மருத்துவமனை பில், கடன் கொடுத்தவர்களுக்கு எழுதிய கடிதங்கள், கோர்ட்டின் டிஸ்சார்ஜ் (கடன் ரத்து) உத்தரவு, இன்றைய மாத வரவு செலவுக் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். இனி ஒரு தவணைகூடத் தவறக் கூடாது.

கே: சாப்டர் 13 திவால் மனு என்றால்?

ப: 3 முதல் 5 வருடத் தவணைத் திட்டம். ஒழுங்காகக் கட்டிய ரசீதுகள் நல்ல சான்று. பாதியில் கோர்ட் மனுவைத் தள்ளுபடி செய்தால் நிலைமை மோசம்.

கே: பழைய கார்டு பாக்கியைப் படிவத்தில் எழுதாமல் விடலாமா?

ப: கூடாது. கிளியரன்ஸுக்கு நிரப்பும் எஸ்எஃப்-86 படிவத்தின் 26ஆம் பிரிவு கடந்த 7 வருடங்களைக் கேட்கிறது: வசூல் ஏஜென்சிக்குப் போன கணக்கு, 120 நாள் தாண்டிய பாக்கி எல்லாம் வரும். நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும் சேரும். மறைத்தால் பணப் பிரச்சினை நேர்மைப் பிரச்சினையாகி, அதே வழிகாட்டு நெறிகளின் 'இ' (E) பிரிவுக்குள் போய்விடும். எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கிரெடிட் நிறுவனங்களின் அறிக்கையையும் எடுத்துப் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

கே: காலாவதியான கடனுக்கு வழக்கே போட முடியாது. சட்டமே விட்ட பிறகு ஏன் கட்ட வேண்டும்?

ப: கட்டச் சட்டம் கட்டாயப்படுத்தாது, சரிதான். ஆனால் காலாவதியைக் காட்டி ஒதுங்குவது நல்லெண்ண முயற்சி ஆகாது என்று பாதுகாப்புத் துறையின் மேல்முறையீட்டு வாரியம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது.

கே: அப்படியானால் நாளைக்கே 50 டாலர் அனுப்பிவிடுகிறேன்.

ப: அவசரப்படாதீர்கள். பல மாநிலங்களில் சிறு தொகை கட்டினாலும் காலாவதிக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மொத்தத் தீர்வுத் தொகையை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் அனுப்புங்கள்.

கே: திவால் என்றாலே மறுப்புதானே?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: கிளியரன்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. இப்போது திவால் மனு போட்டால்?

ப: உங்கள் பாதுகாப்பு அதிகாரியிடம் நீங்களே தெரிவிக்க வேண்டும். தொடர் கண்காணிப்பில் எப்படியும் தெரிய வரும்.

கே: வரி தாக்கல் செய்யவில்லை, பாக்கி மட்டும் கொஞ்சம்.

ப: தாக்கல் செய்யாதது தனிக் குற்றச்சாட்டு. முதலில் தாக்கல், பிறகு ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) தவணை ஒப்பந்தம். அதையும் எழுத்தில்.